எழுதத் தெரியாத தாயும் எழுத்தறிவிக்கலாம்



சென்ற ஆண்டு பள்ளி தொடங்கிய முதல் மாதம். முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த ஒரு சிறுவனின் தாயார் என்னைக் காண வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தவர், வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ளே வாங்கம்மா" என்று இரண்டு முறை அழைத்த பிறகே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், பையனுக்குப் பேரு கூட எழுத வரலை, வீட்டுல சொல்லிக் கொடுங்கன்னு சொல்லி அனுப்பினீங்களாம். எனக்குப் பொறப்புப் பத்திரம் இல்லாததால சின்ன வயசுல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர்க்கலை சார். எனக்கே எழுத்துத் தெரியாது. நான் எதைச் சொல்லிக் கொடுப்பேன்?"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் தலைகுனிய வேண்டியவன் நான். ஏனென்றால், என்னைப் பெற்றவரும் கைநாட்டுக்காரர்தான். ஆனால் அவரே எனக்கு முதல் வாத்தியார். அதை மறந்துவிட்டு, படித்த பெற்றோரால் மட்டுமே பிள்ளைக்கு உதவ முடியும் என்பதுபோல் நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்று அந்தத் தாயாரிடம் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அஞ்சடியில் நடந்த பாடம்

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறிய பிறகு திரும்புவார். மாலையில் வேலையெல்லாம் ஓய்ந்ததும் லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன கதை படிச்சே? எனக்குப் படிச்சுக் காட்டு" என்பார். நான் படிக்கும் வரிமேல் அவரும் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். "அப்புறம் அந்த நரிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். "நேத்து இந்த எடத்துல வேற என்னமோ வந்துச்சே?" என்று பிடித்துவிட்டார்! எழுத்துத்தான் தெரியாதே தவிர, புத்தகம் முழுவதும் அவர் காதில் இருந்தது.

மாதம் ஒருமுறை இன்னொரு பாடமும் உண்டு. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டு வைப்பார். சம்பளச் சீட்டு வந்ததும் என்னைப் படிக்கச் சொல்லி, கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மாதம் சீட்டில் இரண்டு நாள் குறைந்திருந்தது. ஆபீசுக்கு என்னையும் அழைத்துப் போனார். என்னைப் படிக்கவிட்டுப் பக்கத்தில் நின்றார். அடுத்த மாதம் அந்த இரண்டு நாள் கூலியும் வந்து சேர்ந்தது.

படிப்பு என்பது பரீட்சைக்கு மட்டுமன்று. நம் உழைப்பைக் காப்பதற்கும்தான் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். பிற்காலத்தில் பயிற்சிக் கல்லூரியில் இதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் கற்கவில்லை.

முதலில் காது, பிறகு கண்

படிப்பு எழுத்தில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். அது பேச்சில் தொடங்குகிறது. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சொற்கள் முன்பே பழக்கமாகியிருக்கும். அச்சொற்களை ஏட்டில் காணும்போது, தெரிந்தவரைத் தெருவில் கண்டதுபோல் மகிழ்ந்துவிடும். சொற்களே தெரியாத பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பொருள் விளங்காது.

ஆகவே சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசுங்கள். பாட்டி சொன்ன கதைகளைச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். ஒலி விளையாட்டும் நல்லது. "'ப'வில் தொடங்கும் சொல் சொல்லு பார்ப்போம்" என்றால் பால், பானை, பழம், பல்லி என்று பிள்ளை அடுக்கும். இதற்குப் புத்தகமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

வீடு முழுக்க எழுத்து

"வாசிக்க வீட்டில் புத்தகம் இல்லையே" என்பார்கள் சிலர். சுற்றிப் பாருங்கள். சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. கோயில் திருவிழா நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் இருக்கின்றன. மைலோ டின், அரிசி மூட்டை, கடைச் சிட்டை என்று எங்கும் எழுத்துத்தான். தோட்டத்து வெளிப்பலகையில் எண்ணும், கன்று நட்ட ஆண்டும் எழுதியிருக்கும். "இது என்ன எண்?" என்று போகிற போக்கில் கேளுங்கள். காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்து அன்றைய கிழமையைப் படிப்பது உங்கள் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துத் தேநீர்க் கடைக்குத் 'தமிழ் நேசன்' வரும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ் அது. ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். படிக்கத் தெரிந்தவருக்குக் கடையில் தனி மரியாதை. அதைப் பார்த்தே எனக்கும் படிக்கும் ஆசை வந்தது. பெரியவர்கள் படிப்பதைக் காணாத பிள்ளைக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும்? இப்போது நம் கையில் இருப்பது கைப்பேசி. அதில் படம் பார்க்கும் நேரத்தில் ஒரு கால் மணியை எடுத்து, பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

கிறுக்கலைப் பழிக்காதீர்கள்

மூன்று வயதுப் பிள்ளை சுவரில் கோடு கிழித்துவிட்டு, "இது அப்பா" என்கிறது. நாம் அதட்டுகிறோம். ஆனால் மனத்தில் இருப்பதைக் கோட்டில் காட்டலாம் என்று அது கண்டுகொண்டதே, அதுதான் எழுத்தின் தொடக்கம். என் தாயாரின் கரிக்கோடும் எழுத்துத்தானே! முதலில் கிறுக்கல் வரும். பிறகு எழுத்துப் போன்ற வடிவங்கள், தெரிந்த ஓரிரு எழுத்துகள், பிழையான சொற்கள், சரியான சொற்கள் என்று படிப்படியாக வரும். ஒரு பழைய அட்டையும் பென்சிலும் கொடுங்கள். எழுதியதை அதன் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறுமி தன் பாட்டி இறந்துபோனதைப் பற்றி ஐந்து வரி எழுதி வந்தாள். நான் பதினொரு பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும், கரும்பலகையில் இருப்பதைத் தவிர அவள் தானாக ஒரு வரிகூட எழுதவில்லை. முதலில் பிள்ளை சொல்ல வந்ததைக் கேளுங்கள். பிழையைப் பிறகு பார்க்கலாம், அதுவும் நாளைக்கு ஒன்றாக.

247 எழுத்தா என்று மலைக்காதீர்கள்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் உயிரும் மெய்யும் சேரும் முறை பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவை தாமாகவே வந்துவிடும். எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லி வாட்ட வேண்டாம். பிள்ளையின் பெயரிலிருந்து தொடங்குங்கள். ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகள் சின்ன விரலுக்கு எளிது. இரண்டு மூன்று எழுத்து வந்ததுமே 'படம்', 'பட்டம்' என்று சொல்லாக்கிவிடுங்கள்.

கொம்பு எழுத்துகளில் பல பிள்ளைகள் தடுமாறும். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ர, ற பேதமும் ல, ள, ழ பேதமும் கேட்டுக் கேட்டுத்தான் பழகும். பொறுமையாக இருங்கள். தாத்தாவின் பழைய புத்தகத்தில் 'லை', 'னை' யானைத் துதிக்கைபோல் வளைந்திருந்தால் பிள்ளை குழம்பக்கூடும். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவம் அது என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ் ஒரு சுமையா?

"மலாயும் ஆங்கிலமும் படிக்க வேண்டியிருக்க, தமிழ் வேறு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. பிள்ளைக்குக் கற்பிக்கத் தாய்மொழியே மிகச் சிறந்தது என்று யுனெஸ்கோ 1953இலேயே ஓர் அறிக்கையில் சொல்லிவிட்டது. எழுத்து ஒலியைக் குறிக்கிறது, சொல் பொருளைக் குறிக்கிறது என்ற சூட்சுமத்தை ஒரு மொழியில் பிடித்துவிட்டால் போதும். அதை அடுத்த மொழிக்கும் பிள்ளை கொண்டுபோகும். அந்தச் சூட்சுமம் நன்றாகப் பேசத் தெரிந்த மொழியில்தான் விரைவாகப் பிடிபடும்.

நாளைக்கு அரை மணி

1. இரவில் பத்து நிமிடம் பிள்ளை படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

2. தூங்கப் போகுமுன் ஒரு கதை. தகப்பனார் சொன்னால் இன்னும் நல்லது.

3. கடைக்குப் போகுமுன் வாங்க வேண்டியவற்றை நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். 'பருப்பு' என்பதைப் 'பறுப்பு' என்று எழுதினாலும் கடைக்காரர் பருப்புத்தான் கொடுப்பார்.

4. வெளியூரில் இருக்கும் பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம். கைப்பேசியில் பேசிவிடலாம், உண்மைதான். ஆனால் பாட்டி தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளக் கடிதம்தானே உதவும்?

5. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

அந்தத் தாயார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் இரவும் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மகன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடவில்லை. இன்றும் ர, ற தகராறு தீரவில்லை. ஆனால் புத்தகத்தைத் தானாக எடுக்கிறான்.

ஆண்டு முடிவில் மதிப்பெண் புத்தகத்தில் கையொப்பம் வாங்க மைப்பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார். மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தம் பெயரை எழுதினார். "பையன்தான் சொல்லிக் கொடுத்தான் சார்" என்றார். ஓர் எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது. என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

இன்று இரவு உங்கள் வீட்டு அஞ்சடியில், "எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்களேன்.