தரவுத்தளத்தின் தன்னியக்கத் தொடக்கம்: சில அடிப்படைகள்

மின்சாரம் தடைப்பட்டு மீண்டதும் சேவையகக் கணினி எழுந்துவிட்டால், அதன்கண் உள்ள தரவுத்தளமும் உடன் எழுந்துவிடும் எனப் பலர் கருதுவர். இக்கருத்து எப்போதும் பொருந்துவதன்று. தரவுத்தளத்தை இயக்குவது வேறு. கணினி தொடங்குந்தோறும் அது இயங்கவேண்டுமென விதித்துவைப்பது வேறு. முன்னையது அவ்வேளைக்குரிய செயல். பின்னையது எழுத்திற் பதிந்து நிற்கும் ஏற்பாடு. அவ்வேற்பாடு இல்லாதவிடத்து, நிறுவனமொன்றின் அலுவல்கள் கட்டளையை அறிந்த ஓர் ஊழியரின் நினைவிலும் வருகையிலும் தங்கிவிடுகின்றன.

ஒறக்கிள் தரவுத்தளத்தை முதற்சான்றாகக் கொள்வோம். லினக்ஸ் முறைமையில் 'ஒறாராப்' எனும் சிறு கோப்பில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு வரி உண்டு. வரியின் இறுதியில் 'என்' என்ற ஆங்கில எழுத்து நிற்பின் தொடக்க நிரல் அத்தரவுத்தளத்தை விட்டுச்செல்லும். 'வை' என்று மாற்றினாலே எழுப்பும். எனினும் அந்நிரலைக் கணினி எழும்போது அழைப்பதற்கு வேறோர் ஏற்பாடும் வேண்டும்.

2010 இல் வெளிவந்த சிஸ்ரம்டி இன்று பெரும்பாலான லினக்ஸ் முறைமைகளில் இவ்வழைப்பை மேற்கொள்கின்றது. இதில் 'ஸ்ராட்' கட்டளை சேவையை உடனே இயக்கும். 'எனேபிள்' கட்டளை அடுத்த எழுச்சிகளுக்கென ஓர் இணைப்பைப் பதிந்துவைக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அடுத்து நோக்கவேண்டியது ஒழுங்குமுறை. தரவு தனி வட்டொன்றில் இருப்பின், அவ்வட்டு இணைக்கப்பட்ட பின்னரே தரவுத்தளம் எழவேண்டும். சிஸ்ரம்டியில் 'இதன் பின் தொடங்குக' என்பதும் 'இது இன்றித் தொடங்காதே' என்பதும் வெவ்வேறு விதிகள். முன்னையதை மட்டும் எழுதினால், வட்டு இணையத் தவறியபோதும் தொடக்க முயற்சி நிகழக்கூடும். ஆகவே இரண்டும் வேண்டும்.

காலவெல்லை தொடர்பான சிக்கல் இதனினும் நுண்ணியது. 1986 இல் பேர்க்லியில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கரின் தலைமையில் தொடங்கிய ஆய்வின் வழிவந்தது பொஸ்ற்கிறெஸ்கியூஎல். திடீரென நின்றுபோன பின் எழும்போது, அது தன் மாற்றப் பதிவேட்டை வாசித்துத் தரவைச் சீராக்கும். இம்மீட்புக்கு நெடுநேரம் செல்லலாம். சிஸ்ரம்டியோ, ஆயத்தநிலை அறிவிப்பை எதிர்பார்க்கும் சேவைக்கு இயல்பாக 90 வினாடிகளே வழங்குகின்றது. அதற்குள் அறிவிப்பு வராதாயின் சேவையை நிறுத்திவிடும். மறுமுறை எழுப்பினால் மீட்பையும் மீளத் தொடங்கவேண்டியதாகும். இதனாலேயே அவ்வெல்லையை நீக்கிவிடுமாறு பொஸ்ற்கிறெஸ்கியூஎல் ஆவணம் ஆலோசனை கூறுகின்றது.

அவ்வாறாயின் எவ்விடத்தும் தன்னியக்கத் தொடக்கமே சிறந்ததோ? அன்று. ஒரே தரவின் படிகளை இரு சேவையகங்கள் தாங்கும் அமைப்பில், முதன்மைச் சேவையகம் வீழ்ந்தபின் மற்றையது பொறுப்பேற்கும். வீழ்ந்தது தானே எழுந்து மீண்டும் முதன்மை நிலையிற் செயற்படுமாயின், இரண்டும் தனித்தனியே பதிவுகளை ஏற்கும். பின்னர் எது மெய்ப்பதிவு எனத் துணிதல் அரிது. அத்தகைய அமைப்பில், எழுப்பும் அதிகாரத்தை முழுத் தொகுதியையும் கண்காணிக்கும் நிரலிடமோ பொறுப்புள்ள மனிதரிடமோ விடுதல் வேண்டும்.

எனவே நாம் வினவவேண்டியது, தரவுத்தளம் தானே எழுமா என்பது மட்டுமன்று. எந்நிலையில் எழலாம், எந்நிலையில் எழலாகாது என்பதை யார், எங்கே எழுதிவைத்துள்ளனர் என்பதுமாகும். எழுதியதை, நாள் குறித்துக் கணினியை மீளத் தொடக்கிச் சோதித்தலும் வேண்டும். ஒருவரின் நினைவில் மட்டும் இருந்த அறிவு அப்போதே பலருக்கும் பொதுவுடைமையாகின்றது.