ஒரே ஃபைல், இரண்டு காப்பி: சாம்பா சர்வரில் ‘சென்ட்ஃபைல்’ ஏன் ஆஃப்?

ஆபீஸ் ஷேர்டு ஃபோல்டரில் ஒரு வீடியோவைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கம் லினக்ஸ் சர்வர் என்றால், ஃபைலை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சாம்பாதான். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுத ஆரம்பித்த மென்பொருள்.

வழக்கமான முறையில், டிஸ்க்கில் இருந்து கெர்னல் நினைவகத்துக்கு வரும் டேட்டா, அங்கிருந்து சாம்பாவுக்கு ஒரு காப்பி ஆகும். அனுப்பும்போது திரும்பவும் கெர்னலுக்கே இன்னொரு காப்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று சாம்பா பார்ப்பதுகூட இல்லை. வீண் அலைச்சல்!

‘சென்ட்ஃபைல்’ இதைத் தவிர்க்கிறது. “இந்த ஃபைலில் இங்கிருந்து இத்தனை பைட், நீயே நெட்வொர்க்கில் அனுப்பிடு” என்று கெர்னலிடம் சொல்லிவிடலாம். சிபியு வேலை மிச்சம்.

அப்புறம் ஏன் இது டீஃபால்ட்டாக ஆஃப்? சிக்கல் ஹெடரில் இருக்கிறது. பழைய முறையில் டேட்டாவைப் படித்து, அளவு தெரிந்த பிறகே ஹெடர் கிளம்பும். இதிலோ ‘64 கேபி வருது’ என்று ஹெடர் முன்னாடியே போய்விடும். அந்த இடைவெளியில் இன்னொருவர் ஃபைலைச் சுருக்கிவிட்டால்? சொன்னதை வாபஸ் வாங்க முடியாது. மீதியைச் சாம்பா பூஜ்யங்களால் நிரப்பிவிடும். வாங்குபவருக்கு அதுவும் அசல் டேட்டா மாதிரியே தெரியும். மாறாத வீடியோ ஃபைல்களுக்குப் பரவாயில்லை, பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஃபோல்டருக்கு ரிஸ்க்.

என்க்ரிப்ஷன் ஆன் என்றால் இந்தக் கேள்வியே எழாது. டேட்டாவைப் பூட்ட சாம்பா அதைக் கையில் வாங்கியே ஆகணும்.