கூரைச் சூட்டுக்கு எவ்வளவு தடுப்பு போதும்?

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இறக்கக்கண்டியின் தகரக் கூரைகளின் கீழ் லுஹருக்குப் பின் இருக்க முடிவதில்லை. தொட்டிலில் பிள்ளை வியர்த்து அழுகிறது. அடுப்படியில் தாய் வேகிறாள். “காப்பை அடகு வைத்தாவது சிலிங் அடித்து, மேலே தடிப்பாகப் பஞ்சு போடப்போகிறேன் மௌலவி! எத்தனை அங்குலம் போட?” என்று ஒரு சகோதரி கேட்டார்.

அவசரப்படாதீர்கள். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் மூட்டிய சூடு வெளியேறாதிருக்க, சிலிங்குக்கு மேல் ஓர் அடிக்கும் அதிகமாகக் கண்ணாடிப் பஞ்சு பரப்புகிறார்கள். நம் தொல்லை வேறு. வெயிலில் காய்ந்த தகரம் கீழ்நோக்கி வீசும் கதிர்ச்சூடே அது.

ஆகவே முதலில் கூரையின் மேற்புறம் வெள்ளைப் பெயின்ட் பூசுங்கள். அடுத்து, தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் கீழே பார்க்கக் கட்டுங்கள். அந்தப் பக்கத்தில் ஓர் அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். எதிலாவது ஒட்டினால் பயனில்லை. சிலிங்குக்கு மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற, முகட்டின் இரு முனைகளிலும் துவாரம் விடுங்கள்.

இதற்கும் சூடு தணியாவிட்டால்தான் பஞ்சு. ஓர் அங்குலப் பஞ்சு கடத்தும் சூட்டில் பாதியை 2 அங்குலம் கடத்தும். 3 அங்குலம் மூன்றிலொன்றை. 4 அங்குலம் நாலிலொன்றை. ஒவ்வோர் அங்குலத்துக்கும் காசு ஒன்றே. பலனோ குறைந்துகொண்டே போகிறது. 2 அங்குலமே நமக்குத் தாராளம்.

அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் துளைக்கவோ, உலர்வாகத் தேய்க்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

வீண்விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம். காப்பு கையிலேயே இருக்கட்டும், சகோதரி!