பெட்ரோலில் இருந்த ஈயம்

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் கலக்காத ‘அன்லெடட்’ பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. புதிய கார்களுக்காக வந்த அந்த மாற்றத்தால் பயனடைந்தவர்களில் காரே இல்லாத வீட்டுக் குழந்தைகளும் உண்டு.

ஏன் கலந்தார்கள்?

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் நேரங்கெட்ட நேரத்தில் எரிந்தால் ‘டக் டக்’ என்று இடிக்கும். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே அது அடங்கிவிடும் என்று 1921இல் கண்டுபிடித்தவர், ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி. ஆல்கஹால் கலந்தாலும் அடங்கும் என்பது அப்போதே தெரிந்ததுதான். ஆனால் ஈயத்தில் லாபம் அதிகம்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்துபோனார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அதைத் தம் கைகளில் ஊற்றித் தேய்த்து, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார், ஆபத்தில்லை என்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சால் உடல்நலம் கெட்டு ஓய்வெடுத்திருந்தார். தெரிந்தே செய்தது இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

உடம்புக்குள் போனால்

புகையோடு வெளிவரும் ஈயம் மக்காது. சாலையோர மண்ணிலும் வீட்டுத் திண்ணையிலும் தூசியாகப் படியும். தவழும் குழந்தை அங்கே கையை ஊன்றி, அதே விரலை வாயில் வைத்துச் சப்பும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால், குழந்தையின் உடம்பு பாதிவரை ஏற்றுக்கொள்ளும். உள்ளே போனதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் பல ஆண்டுகள் சேர்த்துவைக்கும். தாய் கருவுற்றிருக்கும்போது அது எலும்பிலிருந்து கரைந்து சிசுவையும் எட்டும்.

பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. குழந்தைகளுக்கு ரத்தசோகை, கவனச்சிதறல், அறிவுத்திறன் குறைவு. காய்ச்சலோ வலியோ இல்லாமலே இந்தச் சேதம் நடந்துவிடலாம். இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிறுத்தியதும்

கார் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை ஈயம் பாழாக்கிவிடும். அதனால் 1970களின் நடுவில் அமெரிக்கா ஈயமில்லாத பெட்ரோலுக்கு மாறத் தொடங்கியது. 1976க்கும் 1980க்கும் இடையில் அங்கே மக்களின் ரத்தத்திலிருந்த ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இந்தியா முழுவதும் மாறியது 2000 பிப்ரவரியில், இலங்கை 2002இல். கடைசியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. சிறு விமானங்கள் சிலவற்றின் எரிபொருளில் இன்றும் ஈயம் இருக்கிறது.

பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயாமல் ஈயம் காத்தது உண்மை. இன்றைய கார்களில் அவை கடினமான உலோகத்தால் ஆனவை. அந்தக் கவலை வேண்டாம்.

இப்போதும் கவனம் தேவை

ஈயம் போனாலும் பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. இந்தியாவில் 1 சதவீதம் வரை அனுமதி. நீண்டகாலம் உடலில் சேர்ந்தால் ரத்தப் புற்றுநோய் வரலாம். எனவே கிரீஸ் கறையைப் பெட்ரோல் விட்டுக் கழுவாதீர்கள். டேங்கிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சவே உறிஞ்சாதீர்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.