கொத்தில் சேருமுன்பே உருமாறும் விண்மீன் மண்டலங்கள்

நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஈர்ப்புவிசையால் கூடியிருப்பதே கொத்து. அதனுள் பல கோடி பாகை வெப்பமுள்ள வாயு நிரம்பியுள்ளது. புதிதாக நுழையும் மண்டலத்தின் குளிர்ந்த வாயுவை அது உரித்தெடுத்துவிடும். விண்மீன்கள் உருவாக அந்தக் குளிர்ந்த வாயுதானே மூலப்பொருள்!

ஆனால், பழியைக் கொத்தின்மீது மட்டும் போடலாமா? சிம்ம ராசித் திசையில், சுமார் 30 கோடி ஒளியாண்டு தொலைவில் ஏபெல் 1367 என்ற கொத்து இருக்கிறது. அதை நோக்கி மண்டலங்களின் சிறு குழு ஒன்று விழுந்துகொண்டிருக்கிறது. கொத்துக்குள் மண்டலங்கள் ஒன்றையொன்று விரைந்து கடந்துவிடும். சிறு குழுவிலோ அவை மெதுவாக நகர்வதால், ஈர்ப்பு நெடுங்காலம் இழுத்துப் பிசைகிறது. அதனால் இந்தக் குழு இப்போதே உருக்குலைந்துவிட்டது. ஏறக்குறைய 500,000 ஒளியாண்டு நீளத்துக்கு வாயு வால்கள் நீள்கின்றன! அந்த இழுபறியில் இளம் விண்மீன்களும் வேகமாகப் பிறப்பதால் குழு நீலமாக ஒளிர்கிறது. கையிருப்பு வாயுவும் வழியிலேயே கரைகிறது. வானியலாளர்கள் இதை ‘முன்பதப்படுத்தல்’ என்கிறார்கள்.