இரும்பை அறுத்தும் முனை கொதிக்காதது ஏன்?

வெல்டிங் பட்டறையில் கட்டிங் வீல் இரும்புக் குழாயைத் தொட்டதும் தீப்பொறி பறக்கிறது. அந்த வீல் தேய்த்துத் தேய்த்தே வெட்டுகிறது. உராய்வில் பழுக்கக் காய்ந்த இரும்புத் துகள்கள் காற்றில் எரிவதுதான் பொறி.

பல் வைத்த வட்ட ரம்பம் வேறு வகை. எஃகுத் தட்டின் விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு பற்களைப் பற்றவைத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் இரும்பைச் சீவி எடுக்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி அந்தச் சீவலோடு வெளியேறிவிடுவதால் அறுத்த முனை அவ்வளவாகச் சூடேறாது, பிசிறும் குறைவு.

வேகம்தான் சூட்சுமம். 14 அங்குலக் கட்டிங் வீல் நிமிடத்துக்குச் சுமார் 3,800 முறை சுழலும். பல் ரம்பத்துக்குச் சுமார் 1,300 போதும். வேகம் மிஞ்சினால் பல் சூடேறி மழுங்கும், உடைந்தும் தெறிக்கும்.

ஆகவே, கட்டிங் வீல் மெஷினில் பல் பிளேடை மாட்டவே கூடாது. பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பார்த்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.