பங்குனி வெயிலும் ஆமைக் குஞ்சும்

மாசி, பங்குனி மாதங்களில் நள்ளிரவுக்குமேல் சென்னைக்குத் தெற்கேயுள்ள கடற்கரையில் நடந்து செல்பவர்கள் சில நாட்களில் ஓர் அதிசயத்தைக் காணலாம். கனத்த பிராணி ஒன்று மூச்சு வாங்க, அங்குலம் அங்குலமாகக் கரையேறி வருகிறது. உலர்ந்த மணலை அடைந்ததும் பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகளை இட்டு, குழியை மூடிவிட்டு, திரும்பியும் பாராமல் கடலுக்குள் போய்விடுகிறது. அதற்குப் பங்குனி ஆமை என்று நம் கரையில் வழங்கும் பெயர் மிகவும் பொருத்தமே.

தாய் போன பிறகு முட்டைகளுக்கு மணலே தாய். 45 நாள் முதல் 60 நாள் வரை மணலின் உஷ்ணத்திலேயே அவை வளர வேண்டும். அந்த உஷ்ணம் குஞ்சைப் பொரிப்பதோடு நிற்பதில்லை. பிறப்பது ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கிறது. மனிதரில் இவ்விஷயம் கருவுற்ற கணத்திலேயே முடிந்துவிடுகிறது. கடலாமையில் அப்படி அன்று. முட்டை மணலில் கிடக்கும் காலத்தை மூன்று பங்காக்கினால், நடுப்பங்கில் மணல் எவ்வளவு சூடாயிருந்தது என்பதே கணக்கு. சுமார் 29 டிகிரி சென்டிகிரேடில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. இனத்துக்கும் கரைக்கும் தக்கபடி இது சிறிது மாறும். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பெரும்பாலும் ஆண். அவ்வளவே கூடினால் பெரும்பாலும் பெண். ஜாதகம் கணிப்பவர்கள் பிறந்த வேளையைக் கேட்பார்கள். ஆமைக் குஞ்சுக்கு ஜாதகம் எழுத வேண்டுமானால் வெப்பமானியைத்தான் கேட்க வேண்டும்.

இந்த விந்தையை ஊர்வனவற்றில் முதலில் கண்டவர், ஆப்பிரிக்காவில் டக்கார் நகரில் ஆராய்ச்சி செய்த மட்லேன் ஷார்னியே என்னும் அம்மையார். 1966-ல் ஓணான் முட்டைகளில் அவர் கண்டதையே பின்னர் மற்றவர்கள் ஆமைகளிலும் முதலைகளிலும் கண்டார்கள்.

வெயில் மேலும் ஏறினால் விபரீதம் வேறு விதமாகிறது. மணலின் சூடு 34, 35 டிகிரியில் நீடித்தால் முட்டைகள் பல பொரியாமலே கெட்டுப்போகின்றன. தப்பிப் பிறப்பவையும் உருவிற் சிறுத்து, தவழவும் நீந்தவும் வலிமை குன்றியவையாக இருக்கின்றன. நண்டும் காகமும் காத்திருக்கும் கரையில் வேகமாகத் தவழ இயலாத குஞ்சின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

உலகம் சூடேறி வருவதை மணல் எப்படி உணர்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே பெரும் பவளத் திட்டின் வடபாகத்தில் உள்ள ரெயின் தீவு, பச்சை ஆமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இடம். அவ்வடபாகத்துக் கரைகளில் பிறந்த ஆமைகளைச் சோதித்து 2018-ல் வெளியிட்ட கணக்கு இது: வயது முதிர்ந்தவற்றில் நூற்றுக்கு 87 பெண், இளம் ஆமைகளிலோ நூற்றுக்கு 99-க்கு மேல் பெண்! குளிர்ந்த தென்பாகத்துக் கரைகளில் பிறந்தவற்றில் நூற்றுக்கு 65 முதல் 69 வரைதான். ஓர் ஆண் பல பெண்களுடன் கூடுமாதலால் பெண்கள் சற்று மிகுந்திருப்பது இனத்துக்கு நன்மையே. ஆனால் நூற்றுக்கு ஓர் ஆண்கூடத் தேறாவிட்டால் என்ன செய்வது?

நம் கரைக்கும் இது பொருந்தும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, நாய்களுக்கும் திருடர்களுக்கும் முன்னால் முட்டைகளைக் கண்டெடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து வருகிறார்கள். ஊதியம் கருதாத இத்தொண்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும் முட்டையை இடம் மாற்றும் கை, அறிந்தோ அறியாமலோ, குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மாற்றக்கூடும்.

பங்குனி ஆமைக்கு மிக நெருங்கிய உறவான கெம்ப் ஆமையின் விஷயத்தில் அப்படியே நடந்தது. 1978 முதல் 1988 வரை மெக்ஸிகோவின் கரையிலிருந்து முட்டைகளை அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்துப் பாட்ரே தீவுக்குக் கொண்டுபோய், தெர்மகோல் பெட்டிகளில் மணலிட்டுப் பொரிக்கவைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் பெட்டிகள் குளிர்ந்திருந்தன. பிறந்தவற்றில் பெரும்பாலானவை ஆணாகிவிட்டன. புதுக் கரையில் முட்டையிடப் பெண் அல்லவா வேண்டும்! உண்மை தெரிந்ததும் சூட்டை உயர்த்தினார்கள், பெண்கள் மிகுந்தன. அத்திட்டத்தில் பிறந்த பெண் ஆமைகள் 1996-ல் அத்தீவுக்கே திரும்பி வந்து முட்டையிட்டன.

நம் ஊரில் அஞ்ச வேண்டியது குளிரை அன்று, வெயிலை. பருவத்தின் பிற்பகுதியில் இடப்படும் முட்டைகள் சித்திரை வெயிலில் அகப்பட்டுக்கொள்கின்றன. பொரிப்பகத்தின் மேல் நிழல் வலையோ தென்னங்கீற்றோ கட்டினால் மணலின் சூடு தணியும். எத்தனை நாள் கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பதுதான் பிரச்னை. அதிகமாகக் குளிர்வித்தால் பாட்ரே தீவின் கதைதான். குழிதோறும் வெப்பமானி பதித்து நாள்தோறும் குறித்துவைப்பதே வழி. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

குஞ்சுகளைக் கூடையிலிருந்து மணலில் விடும்போது பெசன்ட் நகர்க் கரையில் குழந்தைகள் கூடிக் குதூகலிக்கிறார்கள். அவற்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அவர்கள் கேட்டால் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வளர்ந்த பிறகுதான் ஆணின் வால் நீண்டு அடையாளம் தெரியும்.